குஞ்சு கிடைத்த கதை
(கொல்லைக் குட்டைக்கு வளர்ப்பு மீன் வந்த வரலாறு. வானொலி வேளாண் ஒலிபரப்பில் நிகழ்த்திய உரை)



சில வாரங்களுக்கு முன்பு ஒரு கிராமத்தில் மாலைக் கூட்டம் போட்டிருந்தோம். வீட்டுக் கொல்லையில் குட்டை வெட்டி மீன் வளர்ப்பதைப் பற்றிப் பேசினேன். கூட்டம் கலைகிற நேரத்தில் ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே கேட்டார்: "ஏன் சார், குட்டை வெட்டித் தண்ணி நின்னா மீன் தானா வந்துட்டுப் போவுது. எங்க ஏரிக்கு எவன் குஞ்சு வாங்கி விட்டான்? இதுக்குப் போய்க் காசு குடுக்கணுமா?"

நியாயமான கேள்விதான். மழை பெய்து வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் அதோடு விராலும் கெளுத்தியும் அயிரையும் பொடிக் கெண்டையும் வரத்தான் செய்யும். நம் ஊர்களில் ஏரி நிறைந்தால் மீன்பாசிக் குத்தகை விடுவது இப்படித் தானாக வந்த மீனை நம்பித்தான் பல காலம் நடந்தது. பிடிக்கத் தெரிந்தவர்கள் நம்மவர்கள். வளர்க்கிற பழக்கம்தான் நம் பக்கம் குறைவு.

ஆனால் ஒரே வருஷத்தில் முக்கால் கிலோ, ஒரு கிலோ என்று எடை போடுகிற கட்லா, ரோகு, மிருகால் இந்த மூன்றும் நம் குட்டைக்குத் தானாக வராது. ஏன் வராது, பிறகு எப்படி வந்தது என்பதுதான் இன்றைய பேச்சு. இந்தக் கதை தெரிந்தால் நீங்கள் குஞ்சுக்குக் கொடுக்கிற காசின் மதிப்பும் தெரியும். குட்டையை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் விளங்கும்.

சீனத்து மந்திரியின் குளம்

மீன் வளர்ப்பைப் பற்றிய மிகப் பழைய எழுத்து சீனாவில் கிடைக்கிறது. கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 450 வருஷங்களுக்கு முன்பு ஃபான் லி என்ற மந்திரி எழுதியதாகச் சொல்கிறார்கள். அவர் அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு வியாபாரத்தில் இறங்கிப் பெரும் பணக்காரரானவர். பிழைக்கிற வழிகளில் மீன் வளர்ப்பை முதலாவதாக அவர் வைத்தாராம். குளம் எத்தனை பெரிதாக வேண்டும், எத்தனை பெண் மீன், எத்தனை ஆண் மீன் விட வேண்டும் என்றெல்லாம் அதில் கணக்கு இருக்கிறது.

அவர் சொன்ன மீன் சாதாக் கெண்டை. அதற்கு ஒரு தனிக் குணம் உண்டு. தேங்கிய தண்ணீரிலேயே முட்டையிடும். பாசி, செடி மேல் ஒட்டுகிற மாதிரி முட்டை வைக்கும். அதனால் ஒரு தடவை தாய் மீனை விட்டால் போதும், குஞ்சுக்கு வெளியே அலைய வேண்டியதில்லை. சீனாக்காரர்கள் இத்தனை காலத்துக்கு முன்பே மீன் வளர்க்க முடிந்ததற்கு இது முக்கியமான காரணம்.

பிறகு ஒரு சங்கடம் வந்தது. கி.பி. 618 முதல் 907 வரை அங்கே ஆண்ட டாங் ராஜ வம்சத்தின் குடும்பப் பெயர் 'லி'. சாதாக் கெண்டைக்கும் சீன மொழியில் அதே ஓசையுள்ள பெயர். ராஜா பெயரைக் கொண்ட மீனைப் பிடிக்கவும் விற்கவும் கூடாது என்று தடை போட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. குளம் வைத்திருந்தவர்கள் வேறு மீன்களைத் தேடினார்கள். புல் தின்கிற புல் கெண்டை, தண்ணீரில் மிதக்கிற நுண்பாசியைத் தின்கிற வெள்ளிக் கெண்டை, அடிச்சேற்றில் மேய்கிற கெண்டை என்று பல ஜாதிகளைச் சேர்த்து விட்டார்கள். ஒன்றின் தீனிக்கு மற்றொன்று போட்டியில்லை. ஒரே குளத்தில் மேல் தண்ணீர், நடுத் தண்ணீர், அடி மண் மூன்றும் பயன்பட்டன. இன்று நாம் கூட்டு மீன் வளர்ப்பு என்று சொல்கிறோமே, அதன் வேர் இதுதான்.

ஆனால் இந்த மீன்கள் குளத்தில் முட்டையிடாது. பெரிய ஆறுகளில்தான் இடும். ஆகவே வருஷா வருஷம் ஆற்றுக்குப் போய்க் குஞ்சு வாரிக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

வங்காளத்துப் பானை

நம் நாட்டுக்கு வருவோம். நீர்நிலைகளில் உள்ள மீன் ராஜாவுக்குச் சொந்தம் என்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் விதி சொல்கிறது. 12ஆம் நூற்றாண்டில் கல்யாணியை ஆண்ட சாளுக்கிய அரசர் மூன்றாம் சோமேசுவரர் பெயரில் உள்ள மானசோல்லாசம் என்ற நூலில், எந்த மீனுக்கு என்ன தீனி என்றே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் சாதாரண குடியானவனின் வீட்டோடு மீன் குளம் சேர்ந்தது என்றால் அது வங்காளத்தில்தான். அங்கே தாழ்ந்த பூமி. மழைக்காலத்தில் சுற்றிலும் வெள்ளம். வீடு கட்ட மேடு வேண்டும், மேட்டுக்கு மண் வேண்டும். மண் எடுத்த பள்ளம் குளமாயிற்று. வீட்டுக்கு ஒரு குளம் என்பது அங்கே அலங்காரத்துக்கு வந்ததல்ல, வீடு கட்டியதன் மிச்சம். அந்தக் குளத்திலேயே பாத்திரம் துலக்குவார்கள், அரிசி களைவார்கள். அந்தக் கழுநீரும் சோற்றுப் பருக்கையும் மீனுக்குத் தீனி. காலையில் குளத்தங்கரைக்கு முதலில் வருகிறவள் வீட்டுப் பெண். மீன் எப்படி இருக்கிறது என்று அவள் கண்ணுக்குத் தெரியாமல் போகாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

குளம் வீட்டில் இருந்தது, தீனி வீட்டில் இருந்தது. குஞ்சு மட்டும் ஆற்றில் இருந்தது. தென்மேற்குப் பருவமழை இறங்கிக் கங்கையிலும் அதன் கிளைகளிலும் செந்தண்ணீர் வந்ததும் கட்லா, ரோகு, மிருகால் கரையோரம் வெள்ளம் பரவிய இடங்களில் முட்டையிடும். பொரித்த நுண்குஞ்சுகள் தண்ணீரோடு அடித்து வரும். புனல் மாதிரி வலையைக் கரையோரம் கட்டி, வால் பக்கத்தில் அவற்றைச் சேர்த்து எடுப்பார்கள். பிறகு மண்பானையில் விட்டு ரயிலிலும் தலைச்சுமையாகவும் ஊர் ஊராகக் கொண்டுபோவார்கள்.

பானை தூக்குகிறவர்கள் வழி முழுக்கப் பானையை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். ஆட்டுவதை நிறுத்தினால் உள்ளே குஞ்சு மூச்சு முட்டிச் செத்துவிடும். பிராணவாயு தண்ணீரில் எப்படிக் கரைகிறது என்று அவர்கள் புத்தகத்தில் படித்ததில்லை. கை அனுபவம் சொல்லிக் கொடுத்தது.

இதில் இரண்டு கஷ்டம். ஒன்று, ஆற்றில் வாரியதில் நல்ல குஞ்சோடு, மற்ற மீனைத் தின்கிற ஜாதியின் குஞ்சும் கலந்திருக்கும். தலைமயிர் கனத்தில் இருக்கும்போது எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டு, ஆறு ஒரு வருஷம் கொடுக்கும், ஒரு வருஷம் கொடுக்காது. கங்கைக் கரைக்காரனுக்கே இந்தப் பாடு என்றால், தஞ்சாவூர்க் கொல்லையில் குட்டை வைத்திருக்கிறவன் என்ன செய்ய முடியும்? கட்லாவைக் கோதாவரி பக்கமிருந்து கொண்டுவந்து நம் காவிரியில் விட்டுப் பெருக்கும் முயற்சி அந்நாளைய சென்னை மாகாணத்தில் நடந்தது. 1939இல் இலங்கையிலிருந்து சாதாக் கெண்டையைக் கொண்டுவந்து ஊட்டியில் விட்டார்கள். அது குளிர் மலைத் தண்ணீருக்கு ஒத்துப்போன ரகம். சமவெளிக் குட்டைக்காரனின் குறை அப்படியே நின்றது.

1957 ஜூலை 10

ஏன் இந்த மீன்கள் குட்டையில் முட்டையிடுவதில்லை? தாய் மீனுக்கு வயிறு நிறையச் சினை இருக்கும். ஆண் மீனுக்கும் விந்து இருக்கும். ஆனால் முட்டையை வெளியே விடு என்று ஓர் உத்தரவு வர வேண்டும். அந்த உத்தரவு மூளைக்கு அடியில் கடுகு போல ஒட்டிக்கொண்டிருக்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பியிலிருந்து வருகிறது. ஆற்றில் புது வெள்ளம், ஓட்டம், மழைக் குளிர்ச்சி எல்லாம் சேர்ந்து அந்தச் சுரப்பியைத் தூண்டிவிடும. குட்டையில் அந்தத் தூண்டுதல் இல்லை. சினை அப்படியே கரைந்து உடம்போடு சேர்ந்துவிடும்.

அப்படியானால் அந்த உத்தரவை நாமே கொடுத்தால் என்ன? 1930களிலேயே தென் அமெரிக்காவில், ஒரு மீனின் சுரப்பியை எடுத்து அரைத்து இன்னொரு மீனுக்கு ஊசி போட்டுப் பார்த்திருந்தார்கள். நம் நாட்டில் 1947இல் மத்திய உள்நாட்டு மீன் ஆராய்ச்சி நிலையம் கல்கத்தா பக்கத்தில் தொடங்கியது. அதன் குள மீன் ஆராய்ச்சி ஒடிசாவின் கட்டாக்கில் நடந்தது. அங்கே டாக்டர் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி இதில் இறங்கினார். டாக்டர் கே.எச். அலிகுஞ்ஞி அவரோடு சேர்ந்து வேலை செய்தார். முதலில் சின்ன மீன்களில் செய்து பார்த்தார்கள். பிறகு 1957 ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவில் அங்குல் என்ற ஊரில், ஊசி போட்ட கெண்டை மீன் தேங்கிய தண்ணீரில் முட்டையிட்டது. அதைத் தொடர்ந்து ரோகுவும் மிருகாலும் வழிக்கு வந்தன. அந்த ஜூலை 10ஐத்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம்.

செய்முறையைக் கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். சந்தையில் வெட்டிய சினை மீனின் தலையிலிருந்து அந்தச் சுரப்பியை எடுத்துச் சாராயச் சத்தில் ஊறவைத்துப் பத்திரப்படுத்துவார்கள். தேவைப்படும்போது அரைத்துத் தெளிந்த சாற்றை எடுப்பார்கள். மாலையில் தாய் மீனுக்கு முதல் ஊசி. ஆறு மணி நேரம் கழித்துத் தாய்க்கு இன்னோர் ஊசி, ஆணுக்கு ஓர் ஊசி. பிறகு குளத்துக்குள்ளே நாலு கம்பில் கட்டிய துணித் தொட்டியில் இரண்டையும் விடுவார்கள். நடு இரவு தாண்டி விடிவதற்குள் முட்டை விழுந்துவிடும். பதினாலு, பதினெட்டு மணி நேரத்தில் பொரிக்கும். ஒரு கிலோ எடையுள்ள தாய் மீன் ஒன்றே லட்சத்துக்கு மேல் முட்டை கொடுக்கும்.

இதன் பிறகுதான் வேகம் பிடித்தது. 1957இலேயே பாங்காக்கிலிருந்து சமவெளிக்கு ஏற்ற சாதாக் கெண்டை வந்தது. 1959இல் புல் கெண்டையும் வெள்ளிக் கெண்டையும் கிழக்காசியாவிலிருந்து வந்தன. 1971இல் கூட்டு மீன் வளர்ப்புக்கு அகில இந்தியத் திட்டம் ஆரம்பித்தது. 1980களில் தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடுகிற சீன முறை வட்டத் தொட்டிப் பொரிப்பகங்கள் பரவின. சுரப்பிச் சாற்றுக்குப் பதிலாக ஆலையில் தயாரித்த ஊசி மருந்தும் புழக்கத்துக்கு வந்தது. மேட்டூர், பவானிசாகர் போன்ற இடங்களில் உள்ள மீன் விதைப் பண்ணைகள் நமக்கு இப்போது குஞ்சு தருகின்றன. கங்கையே கொல்லைக்கு வந்துவிட்ட மாதிரிதான்.

நான் செய்த தப்பு

குஞ்சு கிடைத்துவிட்டது, இனி எல்லாம் சுலபம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். ஒரு கிராமத்தில் ஒரு அம்மா, வீட்டுக்காரர் வெளியூரில் வேலை. கொல்லையில் ஐந்து சென்டில் குட்டை வெட்டியிருந்தார்கள். நான்தான் யோசனை சொல்லி, கூடப் போய்க் குஞ்சு வாங்கிக் கொடுத்தேன். "சாணி போடுங்கம்மா, தண்ணி பச்சை பிடிக்கும், மீனுக்கு அதுதான் சத்து" என்றேன். எவ்வளவு என்று சொல்லவில்லை.

அந்த அம்மா வீட்டில் இரண்டு மாடு. இரண்டும் போடுகிற சாணி நாளுக்கு இருபது கிலோ இருக்கும். என் பேச்சை நம்பி முழுவதையும் தினமும் குட்டையில் கரைத்திருக்கிறார்கள். மாசத்துக்கு அறுநூறு கிலோ. ஐந்து சென்ட் குட்டைக்கு ஒரு வருஷத்துக்கே இருநூறு கிலோதான் கணக்கு. அதாவது மூணு வருஷத்துச் சாணி ஒரே மாசத்தில் போய்விட்டது.

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மேகமூட்டம். ஐந்தாம் நாள் காலையில் ஆள் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் மீன் எல்லாம் வயிறு மேலாக மிதக்கிறது. உள்ளங்கை அகலம் வளர்ந்த மீன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "ராத்திரி பார்த்தப்ப நல்லாத்தானே தம்பி துள்ளிக்கிட்டிருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்கள். பட்டம் படித்திருந்தும் எனக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை.

பதில் இதுதான். குட்டைத் தண்ணீரில் உள்ள பச்சைப் பாசி பகலில் வெயிலில் பிராணவாயுவை வெளிவிடும். இரவில் அதே பாசி பிராணவாயுவை உள்ளே இழுக்கும். அடியில் மக்குகிற சாணியும் இழுக்கும். மீனும் இழுக்கும். விடிகிற நேரத்தில்தான் தண்ணீரில் காற்று மிகவும் குறைச்சல். வெயில் அடித்தால் மறுபடி ஈடுகட்டிவிடும். மேகம் மூடிய நாளில் பகல் வரவும் இல்லை, ராத்திரிச் செலவு மட்டும் உண்டு. எரு அதிகமானால் செலவு இன்னும் கூடும்.

மீன் முன்கூட்டியே சொல்லத்தான் செய்யும். விடியற்காலையில் மேல் தண்ணீருக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதைப் பார்க்க வேண்டியவரிடம் பார்க்கச் சொல்ல வேண்டியவன் நான். நான் சொல்லவில்லை. வங்காளத்தில் காலையில் பாத்திரம் துலக்க வருகிற பெண்ணுக்கும், பானையை ஆட்டிக்கொண்டே நடந்த கூலியாளுக்கும் தெரிந்திருந்த விஷயம் அது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. குட்டைக்கு நான் அளக்காமல் சொன்னேன்.

அந்த அம்மா மறு வருஷம் மறுபடியும் குஞ்சு விட்டார்கள். அளவை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அட்டையில் இருந்தவை இவைதான். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

அளந்து செய்யுங்கள்

ஐந்து சென்ட் என்றால் 66 அடி நீளம், 33 அடி அகலம். ஐந்து அடி ஆழம் தண்ணீர் நிற்க வேண்டும். களிமண் கலந்த இடமாகப் பாருங்கள். மண்ணை ஈரமாக்கி உருண்டை பிடித்தால் உதிராமல் நிற்க வேண்டும். மரத்தடி வேண்டாம், சருகு விழுந்து அழுகும். குடிநீர்க் கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் தள்ளியே இருக்கட்டும். கரையைச் சரிவாக வெட்டுங்கள். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் வேலி போடாமல் தண்ணீர் விடாதீர்கள். இதில் சமாதானமே கிடையாது.

பழைய குட்டையானால் முதலில் வற்ற வைத்துக் காயப் போடுங்கள். விராலும் கெளுத்தியும் உள்ளே இருந்தால் நீங்கள் விடுகிற குஞ்சு அவற்றுக்குத்தான் விருந்து. வற்ற வைக்க முடியாவிட்டால் மூன்றடித் தண்ணீருக்குச் சென்டுக்குப் பத்துக் கிலோ இலுப்பைப் புண்ணாக்கு போடலாம். அதன் விஷம் இறங்க மூன்று வாரம் ஆகும், அதற்குமுன் குஞ்சு விடக் கூடாது. தண்ணீர் வருகிற வாயில் வலை கட்டுங்கள்.

சுண்ணாம்பு சென்டுக்கு ஒரு கிலோ. ஒரு வாரம் கழித்துச் சாணம் சென்டுக்கு எட்டுக் கிலோ. பிறகு மாதம் மூன்று கிலோ. தண்ணீர் கரும்பச்சையாகிவிட்டால் அந்த மாதம் சாணமே வேண்டாம். முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விடுங்கள். உள்ளங்கை லேசாகத் தெரிந்தால் சரி. முழங்கை இறங்கும் முன்பே கை மறைந்தால் சத்து மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

குஞ்சு மூன்று, நான்கு அங்குல விரலளவுக் குஞ்சாக வாங்குங்கள். சென்டுக்கு இருபது போதும். ஐந்து சென்டுக்கு நூறு. மேல் தண்ணீரில் மேய்கிற கட்லா நாற்பது, நடுவில் மேய்கிற ரோகு முப்பது, அடியில் மேய்கிற மிருகால் முப்பது. பையைக் கட்டியபடியே கால் மணி நேரம் குட்டையில் மிதக்கவிட்டு, பிறகு அவிழ்த்துக் குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, குஞ்சு தானாக நீந்தி வெளியேறட்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தியைச் சீக்கிரம் வளரும் என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். அரசாங்கம் தடை செய்த மீன் அது. வெள்ளத்தில் தப்பி ஏரிக்குப் போனால் ஊர் மீன் ஜாதிகளையே தின்று தீர்த்துவிடும்.

தீவனத்துக்குக் கடலைப் புண்ணாக்கும் தவிடும் சம அளவு. ஆரம்பத்தில் மீனின் மொத்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, வளர வளர இரண்டு பங்கு. ஓட்டை போட்ட சாக்கில் போட்டுக் கம்பில் கட்டித் தொங்கவிடுங்கள். மறுநாள் சாக்கில் மிச்சம் இருந்தால் அளவைக் குறையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. தினமும் விடியும்போது ஒரு தடவை குட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள். மீன் வாய் பிளந்தால் உடனே மூங்கிலால் தண்ணீரை அடித்துக் கலக்குங்கள். மோட்டார் இருந்தால் புதுத் தண்ணீரை மேலிருந்து விழும்படி விடுங்கள். தீவனத்தையும் சாணத்தையும் நாலு நாள் நிறுத்துங்கள். மேகமூட்டமான நாளில் இந்தக் கவனம் இரண்டு மடங்கு வேண்டும்.

நூறு குஞ்சில் எண்பது பிழைத்து, ஒவ்வொன்றும் முக்கால் கிலோ வந்தால் அறுபது கிலோ மீன். வீட்டுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் நல்ல மீன் குழம்பு. மிச்சம் அக்கம்பக்கத்தில் விற்றால் தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் கட்டும்.

அந்தப் பெரியவருக்கு இந்தக் கதையைத்தான் சுருக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப குஞ்சுக்குக் குடுக்கிற காசு அந்த ஊசிக்காரருக்குன்னு சொல்லுங்க" என்றார். அப்படியும் வைத்துக்கொள்ளலாம். குஞ்சு உண்டாக்கும் வழியை ஒருவர் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். குட்டைக்குக் காலையில் போய்ப் பார்க்க வேண்டியது நீங்கள்தான்.

குஞ்சு எங்கே கிடைக்கும், மண் சரியா என்ற சந்தேகத்துக்கு உங்கள் பக்கத்து மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். குட்டை வெட்டுவதற்கு முன்பு கேளுங்கள், வெட்டிய பிறகு அல்ல.